பேரன் படைத்த ரேஞ்சர்



எங்கள் தருமபுரி மாவட்டத்திலே 'ரேஞ்சர்' என்னும் சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் ஏற்பட்டதில்லை. அரசாங்கக் காகிதத்திலே அவர் வனச்சரக அலுவலர். ஆனால் பென்னாகரத்துச் சந்தையிலும் பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்திலும் அரூர்த் தேநீர்க் கடையிலும் அவர் ரேஞ்சர்தான். நான் சிறுவனாக இருந்த காலத்திலே, 'ரேஞ்சர் வருகிறார்' என்று எவரேனும் குரல் கொடுத்தால், தலையிலிருக்கும் விறகுக் கட்டைப் புதருக்குள்ளே தள்ளிவிட்டு, கோயிலுக்குப் போகிறவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு நடப்போம். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் என் கழுத்து ஒரு கணம் லேசாகிறது.

ஆகையினாலே, ஓசூரிலே பொறியியல் படிக்கும் என் மகள்வயிற்றுப் பேரன் சென்ற விடுமுறையிலே வந்திருந்தபோது, "தாத்தா, இரண்டு நாளாக ஒரு ரேஞ்சரை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சரியாக அமையவில்லை" என்று சொன்னதும், நான் வேறாகப் புரிந்துகொண்டேன். பையன் வனத்துறைத் தேர்வுக்குப் படிக்கிறான் போலும் என்று மகிழ்ந்து, "உருவாக்குவதற்கென்றே 1912லே கோயம்புத்தூரில் கல்லூரி ஏற்படுத்தினார்களே! அதற்கும் முன்னே, 1878லேயே டேராடூனில் வனப்பள்ளி வைத்து ரேஞ்சர்களைப் பயிற்றுவித்தார்களே!" என்று என்னுடைய சரித்திர ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். அங்கே காதிலே கூர்மையும் முதுகிலே அம்பறாத்தூணியும் கொண்ட ஓர் இளைஞன் தீப்பந்த வெளிச்சத்திலே நின்றுகொண்டிருந்தான்.

அது ஒரு விளையாட்டு. 'பால்டர்ஸ் கேட் 3' என்பது அதன் பெயர். பெல்ஜியம் நாட்டு லேரியன் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே அதனை முழுமையாக வெளியிட்டார்கள். அந்த விளையாட்டிலே சண்டைக்குப் போவதற்கு முன்னால், விளையாடுகிறவன் தனக்காக ஓர் ஆளைப் படைத்துக்கொள்ள வேண்டும். போர்வீரன், மந்திரவாதி, பாணன், திருடன் என்று பல வகுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்று ரேஞ்சர். காட்டிலே தடம் பார்த்துத் திரிபவன், வில் பிடிப்பவன், விலங்குகளின் துணை உடையவன். பிரமன் தலையெழுத்தை எழுதுகிறான் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த எழுத்தாணியைப் பத்தொன்பது வயதுப் பையன்களின் கையிலே கொடுத்துவிட்டார்கள்.

எழுத்தாணியைக் கொடுத்தார்களே தவிர, மையை அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். வலிமை, லாகவம், உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என்று ஒவ்வொருவனுக்கும் ஆறு குணங்கள். ஒவ்வொன்றும் எட்டிலே தொடங்குகிறது. பதினைந்து வரையில் உயர்த்தலாம். அதற்காகக் கொடுக்கப்படும் மூலதனம் 27 புள்ளிகள். பதின்மூன்று வரையில் ஒரு படிக்கு ஒரு புள்ளி. அதற்குமேல் ஒவ்வொரு படிக்கும் இரண்டு புள்ளி. ஆகவே ஒரு குணத்தைப் பதினைந்துக்குக் கொண்டுவர ஒன்பது புள்ளி செலவாகிவிடும். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரே வகுப்பிலே வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனாகிய எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலே உட்கார்ந்தேன்.

பேரன் லாகவத்துக்கு ஒன்பது செலவிட்டான். வில்லுக்கு அதுதான் வேண்டுமாம். விவேகத்துக்கு ஒன்பது. உடலுறுதியைப் பதினாலாக்க ஏழு. ஆக இருபத்தைந்து தீர்ந்தது. மீதமிருந்த இரண்டையும் வலிமைக்குப் போட்டு அதைப் பத்தாக்கினான். அதற்குமேல் விளையாட்டுக்காரர்கள் இனாமாகத் தரும் மூன்றிலே இரண்டை லாகவத்துக்கும் ஒன்றை விவேகத்துக்கும் சேர்த்தான். வசீகரம் எட்டிலேயே நின்றது. அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. காட்டிலே யாரை மயக்கப் போகிறான்? ஆனால் புத்தியும் எட்டிலேயே நின்றது.

"என்ன இது? புத்திக்கு எட்டா? ஒரு புள்ளியாவது போட வேண்டாமா? இவன் எப்படி உருப்படுவான்?" என்று கேட்டுவிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே இருந்தவன் வாயிலிருந்து வேறு என்ன வரும்?

பேரன் சிரித்தான். "தாத்தா, ரேஞ்சருக்குப் புத்தி எட்டு போதும். தடம் பார்ப்பது, காட்டிலே பிழைப்பது, மிருகத்தோடு பழகுவது, பதுங்கியிருப்பவனைக் கண்டுகொள்வது, எதிரே நிற்கிறவன் மனத்திலே என்ன இருக்கிறது என்று அறிவது, இவையெல்லாம் புத்திக் கணக்கிலே வருவதில்லை. விவேகக் கணக்கிலே வருகின்றன. சரித்திரம் தெரிவது, மந்திர நூல் படிப்பது, செடிகொடிகளைப்பற்றிய ஏட்டறிவு, இவைதான் புத்தி" என்றான். பிறகு, எந்தக் காரியத்தைச் செய்தாலும் இருபது முகமுள்ள ஒரு பகடை உருளும் என்றும், குணம் பதினாறானால் விழுந்த எண்ணோடு மூன்று கூடும் என்றும், எட்டானால் ஒன்று குறையும் என்றும் விளக்கினான். அவன் படைத்த ரேஞ்சர் வழியிலே நடந்து போகும்போது, மற்றவர் கண்ணுக்குப் படாத புதையல் மண்ணுக்கடியிலே இருப்பதைக் கண்டுகொண்டான். ஆனால் ஒரு பழங்கால நிகழ்ச்சியைப்பற்றிய கேள்வி வந்தபோது விழித்துக்கொண்டு நின்றான்.

அன்றிரவு எனக்குச் சரியான உறக்கம் இல்லை. அதன் காரணத்தைப் பின்னாலே சொல்கிறேன்.

மறுநாள் நான் அவனிடம் இந்த ரேஞ்சரின் பூர்வீகத்தை விசாரித்தேன். எதற்கும் வேரைத் தோண்டிப் பார்ப்பது என் வழக்கம். வீட்டார் இதை வியாதி என்பார்கள். 1974லே அமெரிக்க நாட்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கணினி வேண்டியதில்லை. நான்கைந்து நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பகடை உருட்டிக் கதைக்குள்ளே நடப்பது. முதலிலே அதில் ரேஞ்சர் இல்லை. 1975லே, அந்த விளையாட்டுக்காரர்களுடைய பத்திரிகை ஒன்றிலே ஜோ பிஷர் என்பவர் அந்த வகுப்பை எழுதினார். அவருக்கு முன்மாதிரியாக நின்றவன், டோல்கின் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955ஆம் ஆண்டுகளிலே வெளியிட்ட 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதையில் வரும் அரகார்ன். அரச குலத்திலே பிறந்தவன். ஆனால் அழுக்கேறிய அங்கியும் சேறு படிந்த காலணியுமாய்க் காட்டிலே திரிந்து, ஊரார் தன்னை அறியாமலே அவர்களைக் காத்துக்கொண்டிருந்தவன்.

இதைக் கேட்டவுடன் எனக்கு நம் ஓரியின் நினைவு வந்தது. கொல்லிமலை எங்களுக்குத் தொலைவில் இல்லை. நாமக்கல் மாவட்டத்திலே இருக்கிறது. அந்த மலைக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியைப்பற்றிப் புறநானூற்றிலே வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைத்த செய்தியைத்தான் எல்லாரும் சொல்லுகிறார்கள். நான் வகுப்பிலே பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்பியது அந்தப் பாட்டின் பிற்பகுதி. காட்டிலே வந்த பாணர்களுக்கு அவன் யார் என்று தெரியாது. வேட்டுவன் என்றே எண்ணினார்கள், ஆனாலும் தோற்றத்தைப் பார்த்தால் தலைவன் போலத் தெரிகிறதே என்று ஐயுற்றார்கள். அவர்கள் பாடி முடித்து 'கோ' என்று சொன்னபோது, அது தன்னைக் குறிக்கும் பெயராக இருந்ததனாலே அவன் நாணி நின்றான். தன்னை மறைத்துக்கொண்டே அவர்களுக்கு ஊனும் தேனும் கொடுத்தான்; பொன்னும் மணியும் கொடுத்தான்; பெயரை மட்டும் சொல்லவில்லை. டோல்கின் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்த மனிதனை நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். இதனாலே அவர் நம்மிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களைக் கண்டால் நான் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்கிற வழக்கம்.

பேரன் இன்னொரு செய்தியும் சொன்னான். 1978லே வந்த விதிப்புத்தகத்திலே ரேஞ்சருக்கு விசித்திரமான கட்டுப்பாடுகள் இருந்தனவாம். தன் உடம்பிலும் தன் குதிரையின் மீதும் சுமக்கக்கூடிய அளவுக்குமேல் அவன் எந்தப் பொருளையும் வைத்துக்கொள்ளலாகாது; மிகுதியை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மூன்று ரேஞ்சர்களுக்குமேல் ஓரிடத்திலே சேர்ந்து வேலை செய்யலாகாது. பின்னாலே வந்தவர்கள் இந்த விதிகளை எடுத்துவிட்டார்கள். விளையாடுகிறவர்களுக்குத் தங்கம் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கென்னவோ அந்தப் பழைய விதிதான் ரேஞ்சரை ரேஞ்சராக்குகிறது என்று தோன்றுகிறது.

அவனுக்கு இன்ன பகை, இன்ன நிலம் என்றும் தேர்ந்துகொள்ள வேண்டும். மேசை விளையாட்டின் பிற்கால விதிகளிலே, காடு, மலை, சதுப்பு, பாலை, கடற்கரை என்று நிலத்தைப் பிரித்து, எந்த நிலத்தைத் தேர்கிறானோ அந்த நிலத்திலே அவன் வழி தப்பமாட்டான் என்று வைத்திருந்தார்களாம். திணையைப்பற்றித் தமிழாசிரியர்கள் கேட்டால் மகிழ்வார்கள். நான் கணக்கு வாத்தியார். அதை அவர்களுக்கே விட்டுவிட்டு, கல்லுக்கு வருகிறேன்.

ஏனென்றால், தருமபுரிக்காரனுக்கு இந்த விஷயத்திலே கைக்கெட்டும் தூரத்திலே சான்று இருக்கிறது. பேரனை அழைத்துக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனேன். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. தகடூர் என்று பழம்பெயர் பெற்ற எங்கள் நாட்டிலும், அடுத்திருக்கும் செங்கம் பகுதியிலும் கிடைத்திருப்பதைப்போல நடுகற்கள் தமிழ்நாட்டிலே வேறெங்கும் இத்தனை நெருக்கமாகக் கிடைப்பது அரிது. பல்லவர் ஆண்டாலும் கங்கர் ஆண்டாலும் நுளம்பர் ஆண்டாலும், எங்கள் ஊர்க்காரனுக்கு வேலை ஒன்றுதான்: மாடு காப்பது. 'தொறு' என்று அந்தக் கற்களிலே எழுதியிருக்கிறார்கள். ஆநிரை என்று பொருள். தொறுவைக் கவர வந்தவர்களோடு பொருது, மீட்டு, அந்தப் பூசலிலே பட்டவனுக்குக் கல். ஊருக்குள் வந்த புலியைக் குத்தி, தானும் மாண்டவனுக்குக் கல்.

பேரன் முதலிலே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். மூன்றாவது கல்லின் முன்னே நின்றுவிட்டான். "தாத்தா, இடது கையிலே வில், வலது கையிலே குறுவாள், தூர நின்றும் அடிக்கலாம், நெருங்கி வந்தாலும் அடிக்கலாம். இவர் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறார்!" என்றான். அந்த வீரன் தேர்ந்துகொள்ளவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான் என்று எனக்குத் தோன்றிற்று, ஆனால் சொல்லவில்லை. காலடியிலே செதுக்கியிருக்கும் கெண்டியையும் சிமிழையும் காட்டினேன். போனவனுக்குத் தாகம் எடுக்குமே என்று நினைத்த யாரோ ஒரு தாயோ மனைவியோ சொல்லித்தான் சிற்பி அதைச் செதுக்கியிருக்க வேண்டும் என்பது என்னுடைய எண்ணம். ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அங்கே வைத்து அவனுக்கு எடுத்தனூர்க் கல்லைப்பற்றிச் சொன்னேன். எடுத்தனூர் இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலே இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுடைய 34ஆம் ஆட்சியாண்டிலே, கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் பூசலிலே இறந்துபட்டான். அவனிடத்திலே ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துத் துரத்தி, விழுந்து கிடந்த தலைவனுக்கு அருகிலே காவல் நின்றது. ஊரார் வீரனுக்குக் கல் நட்டபோது நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வட்டெழுத்திலே எழுதி வைத்தார்கள். மகேந்திரவர்மனுடைய அமைச்சர்களிலே எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? கோவிவனைத் தெரிகிறது.

இதைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. விளையாட்டிலே மூன்றாம் படிக்கு வந்தவுடன் ரேஞ்சர் தன் வழியைத் தேர்ந்தாக வேண்டும். இருளிலே பதுங்கித் தாக்குபவன் ஆகலாம், வேட்டைக்காரன் ஆகலாம், விலங்கைத் துணையாகக் கொள்பவன் ஆகலாம். பேரன் இருள்வழியைத் தேர்வதென்று முடிவு செய்திருந்தான். சண்டையின் முதற்சுற்றிலே அவனுக்கு ஓர் அடி கூடுதலாகக் கிடைக்குமாம். கணக்குப் பார்த்தால் அதுதான் லாபமாம். கோவிவன் கதையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வரையிலே ஒன்றும் பேசவில்லை. இரவிலே பார்த்தால், அவனுடைய ரேஞ்சருக்குப் பக்கத்திலே ஓர் ஓநாய் நிற்கிறது. "லாபம் என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். "போகட்டும் தாத்தா" என்றான்.

இனி, எனக்கு உறக்கம் வராததன் காரணத்துக்கு வருகிறேன்.

1993ஆம் ஆண்டிலே, காட்டோரத்து ஊர் ஒன்றிலே நான் கணக்காசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பிலே ஒரு பையன் இருந்தான். அவன் பெயர் வேண்டாம். வாரத்திலே மூன்று நாள் வருவான், இரண்டு நாள் வரமாட்டான். கேட்டால், ஆடு மேய்க்கப் போனேன் என்பான், தேன் எடுக்கப் போனேன் என்பான். ஒருமுறை ஆற்றோரத்திலே யானைக் கூட்டம் வந்திருப்பதாகப் பிள்ளைகளெல்லாரும் அவனைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவனை வெளியே நிறுத்தினேன். வட்டத்தின் சுற்றளவு அவனுக்கு வரவேயில்லை. விட்டத்தைக் கொடுத்தால் பரப்பைக் கண்டுபிடிப்பான். பரப்பைக் கேட்டால் சுற்றளவைச் சொல்லுவான். ஒரு நாள் பிரம்பையும் எடுத்தேன். "நீ எப்படியடா உருப்படுவாய்?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். ஆசிரியர் பயிற்சியிலே தனியாள் வேற்றுமை என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வகை என்று எட்டுப் பக்கம் எழுதித் தேறியவன்தான் நான். அவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். மாற்றுச் சான்றிதழிலே எழுதுவதற்காக அவனைப்பற்றி என்னைக் கேட்டபோது, 'படிப்பிலே நாட்டமில்லை' என்று சொன்னவனும் நானே.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே மாரண்டஅள்ளிக்குப் பக்கத்திலே, சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியிலே சிக்கி மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தப்பி, மாண்டவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. நேயர்களிலே பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டின் முடிவிலே, பாலக்கோட்டுக்கு மேற்கே என் மைத்துனருடைய கேழ்வரகுக் கொல்லையிலே ஓரிரவு யானை புகுந்துவிட்டது என்று செய்தி வந்து, நான் போயிருந்தேன். கதிர் முற்றிய பயிர் கால் ஏக்கருக்கு மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மோட்டார்க் கொட்டகை வாயிலிலே கம்பிச் சுருள் ஒன்று புதிதாகக் கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம், பார்க்காததுபோல இருந்தோம்.

வனத்துறையிலிருந்து வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, ரப்பர்ச் செருப்பு, கையிலே ஒரு கோல். அவர் யாரோடும் பேசவில்லை. கொல்லையைச் சுற்றி வந்தார். லத்தியைக் கிளறிப் பார்த்தார். ஈர மண்ணிலே பதிந்திருந்த அடிகளிலே நீள்வட்டமாக இருந்தவற்றை விட்டுவிட்டு, உருண்டையாக இருந்த ஒன்றைத் தேடிக் குனிந்தார். பின்னங்காலின் தடம் நீண்டிருக்கும், முன்னங்காலின் தடம் உருண்டிருக்கும். மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, அந்தத் தடத்தின் விளிம்பைச் சுற்றி ஒருமுறை வைத்து அளந்தார். மூன்றே முக்கால் அடி. "இரண்டு மடங்கு ஏழரை அடி. பெண் யானை. பக்கத்திலே சின்ன அடி இருக்கிறது, குட்டியோடு வந்திருக்கிறது" என்றார். முன்னங்காலின் சுற்றளவை இரட்டித்தால் ஏறக்குறைய அந்த யானையின் தோள் உயரம் கிடைத்துவிடும். உலகெங்கும் யானை அறிந்தவர்கள் கையாளும் கணக்கு அது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், கும்பிடுகிறேன்" என்றார். அவனேதான்.

சுற்றளவு!

அவன் அன்றைக்கு ஊராரிடம் பேசியதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குட்டி இருப்பதனாலே அது தொலைவு போகாது, கிழக்கே இருக்கும் ஏரிக்குத் தண்ணீருக்குத்தான் வருகிறது, வெடி போட்டால் குட்டி மிரண்டு வீடுகளின் பக்கம் ஓடும், தாயும் பின்னாலே வரும், ஆகையால் வடக்கு வரப்பைத் திறந்து விட்டுவிட்டுத் தெற்கே மட்டும் தீ மூட்டிக்கொள்ளுங்கள் என்றான். கம்பிச் சுருளின் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நிலத்துக்காரரிடம் மட்டும், "நானும் இரவெல்லாம் உங்கள் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறேன், அண்ணே" என்றான். அன்றிரவு தாயும் குட்டியும் வடக்கு வரப்பு வழியாகப் போய்விட்டன. விடியற்காலையிலே கம்பிச் சுருளைக் காணவில்லை.

அவனுடைய வேலை நிரந்தரமானதா என்று விசாரித்தேன். இல்லை, தற்காலிகந்தான். பதினாறு வருஷமாகத் தற்காலிகம். நிரந்தரப் பணிக்கு மனுப் போடப் போனால் முதலிலே பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள் என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரலிலே என்மீது வருத்தம் இருக்கிறதா என்று நான் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்பொழுது, 'புத்திக்கு எட்டா? இவன் எப்படி உருப்படுவான்?' என்று பேரனிடம் நான் கேட்ட கேள்வி, எந்த வாயிலிருந்து எந்தப் பிள்ளைக்கு முன்பே ஒருமுறை சொல்லப்பட்டது என்பது நேயர்களுக்கு விளங்கியிருக்கும்.

அந்த விளையாட்டிலே விதர்ஸ் என்று ஓர் எலும்புருவான கிழவன் வருகிறான். பாசறையின் ஒரு மூலையிலே நிற்பான். குணங்களைப் பிரித்த கணக்குத் தப்பிவிட்டது என்று தோன்றினால், அவனிடம் போய் நூறு பொற்காசு கொடுத்தால் போதும். எல்லாப் புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்துவிடுவான், முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம். பேரன் இதை மிக அலட்சியமாகச் சொன்னான். நான் இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் பழைய மாணாக்கனிடம், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுது, கணக்கை நான் சொல்லித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிறிது நேரம் யோசித்தான். "எனக்கு வேண்டாம், சார். இரவிலே காட்டுக்குப் போக வேண்டும், பகலிலே கண் எரியும். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடிக்காமல் சொல்லிக் கொடுங்கள்" என்றான். அந்தக் கடைசிச் சொற்களை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அது முதல், மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலே அவன் தன் மகளை இருசக்கர வண்டியிலே கொண்டுவந்து விடுகிறான். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. சுற்றளவுப் பாடத்தை நான் கயிற்றை வைத்துத்தான் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்து, "இது தெரியுமே, தாத்தா, அப்பா சொல்லியிருக்கிறார்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே பேரனும் இருந்தான். மகளின் பாடம் முடியும் வரையிலே தகப்பன் திண்ணையிலே உட்கார்ந்திருந்தான். பேரன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய், "மாமா, நான் ஒரு ரேஞ்சரைப் படைத்திருக்கிறேன், பாருங்கள்" என்று காட்டினான். ரேஞ்சர் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டான், பழக்கம். பிறகு சிரித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்து, திரையை நெடுநேரம் பார்த்தான். அங்கே ரேஞ்சர் ஒரு புதரின் பின்னாலே பதுங்கி, எதிரே மேயும் காட்டுப்பன்றியை நோக்கி வில்லை வளைத்துக்கொண்டிருந்தான். ஓநாய் அவன் காலடியிலே நின்றது. புல்லெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இவர் நிற்கிற இடம் சரியில்லையே. காற்று இவர் முதுகுப் பக்கத்திலிருந்து பன்றியின் பக்கம் அடிக்கிறது. இந்நேரம் அது மோந்து பார்த்துவிட்டு ஓடியிருக்குமே" என்றான்.

"இந்த விளையாட்டிலே அதெல்லாம் கணக்கில்லை, மாமா. காற்று சும்மா அழகுக்கு அடிக்கிறது."

அவன் மறுபடியும் திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"அப்படியானால் அங்கே மிருகங்களுக்கு மூக்கே இல்லையா?" என்று கேட்டான்.